ரத்தத்தில் தேடினால் தெரியாது: காசநோய், எச்.ஐ.வி., சில குரங்குகள்

ஒரே குரங்கு, ஒரே நுரையீரல். அதில் சிறுசிறு முடிச்சுகளாகப் பல புண்கள். ஒரு முடிச்சை எடுத்து அரைத்து, வளர்ப்புத் தட்டில் பரப்பி வாரக்கணக்கில் காத்திருந்தாலும் ஒரு கிருமிகூட முளைப்பதில்லை. உள்ளே இருந்த காசநோய்க் கிருமிகள் எல்லாமே செத்துப்போயிருக்கின்றன. இன்னொரு முடிச்சை அதேபோல வளர்த்தால் ஆயிரக்கணக்கில் முளைக்கின்றன. இரண்டுக்கும் பாய்ந்தது ஒரே ரத்தம். இரண்டையும் காவல் காத்தது ஒரே எதிர்ப்பாற்றல். அப்படியானால் இந்தக் குரங்குக்குக் காசநோயை எதிர்க்கும் சக்தி இருந்ததா, இல்லையா?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருக்கும் ஜோஆன் ஃப்ளின்னின் ஆய்வுகளைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப வந்து நிற்கும் கேள்வி இது. மேலே சொன்ன முடிவை அவருடைய குழு 2014-இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்டது. நோய் முற்றிய குரங்கிலும் கிருமி அடியோடு அழிந்த முடிச்சுகள் இருந்தன என்பதுதான் அதில் பலரை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி. எதிர்ப்பாற்றல் என்பது உடம்பு முழுவதற்கும் ஒரே அளவாக இருக்கும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காசநோய் விஷயத்தில் அது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒவ்வொரு முடிச்சும் தனி வழக்கு, தனித் தீர்ப்பு.

எச்.ஐ.வி. உள்ளே வரும்போது இந்த வழக்குகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் இந்த இரண்டு நோய்களின் கூட்டைப் பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் 1.08 கோடிப் பேருக்குக் காசநோய் வந்தது. 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் 1.61 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றும் உள்ளவர்கள். காசநோய்க் கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுத்தால் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். மற்றவர்களிடம் கிருமி அடங்கிக் கிடக்கும், அல்லது சத்தமில்லாமல் அழிந்துபோகும். எச்.ஐ.வி. இருந்து, அதற்குச் சிகிச்சையும் இல்லையென்றால் ஒரு வாழ்நாளுக்குரிய இந்த ஆபத்து ஒரே ஆண்டுக்குள் வந்து நிற்கும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம் எளிமையானது. எச்.ஐ.வி. தாக்குவது சி.டி.4 டி செல்கள் என்ற வெள்ளணுக்களை. காசநோய்க் கிருமியை அடக்கி வைப்பதும் அதே செல்கள்தான். காவலர்கள் குறைந்தால் கைதிகள் தப்பிக்கிறார்கள். மருத்துவமனையில் ரத்தம் எடுத்து சி.டி.4 எண்ணிக்கை பார்ப்பதும் இதனால்தான்.

விளக்கம் தப்பில்லை. ஆனால் அதில் ஓட்டைகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2005-இல் வெளியானது. எச்.ஐ.வி. தொற்றிய முதல் ஆண்டிலேயே அவர்களிடம் காசநோய் இரண்டு மடங்கானதை அது காட்டியது. சி.டி.4 எண்ணிக்கை பெரிதாகச் சரிவதற்கு முன்பே இப்படி. அடுத்த ஓட்டை மறுமுனையில் இருக்கிறது. எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டு, சி.டி.4 எண்ணிக்கை மேலேறி, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்தவர்களிடம் காசநோய் ஆபத்து நன்றாகக் குறைகிறது. 2012-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது குறைவு 65 சதவீதம் என்று தெரிந்தது. குறைகிறதே தவிர, எச்.ஐ.வி. இல்லாதவர்களின் அளவுக்கு இறங்கி வருவதில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏதோ ஒன்று சரியாகவில்லை.

அந்த ‘ஏதோ ஒன்றை’ மனிதர்களிடம் தேடுவது கடினம். எந்த நாளில் கிருமி உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. நுரையீரலில் இருக்கும் முடிச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க முடியாது. கையில் கிடைப்பது ரத்தமும் சளியும்தான்.

ஃப்ளின் தொடங்கியது எலிகளில். நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் பேரி ப்ளூமின் ஆய்வகத்தில் இருந்தபோது, இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்க முடியாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார். டி செல்கள் அனுப்பும் இந்தச் சமிக்ஞை இல்லாத எலிகள் சில வாரங்களிலேயே இறந்தன. அது 1993. இரண்டு ஆண்டு கழித்து டி.என்.எஃப். என்ற இன்னொரு சமிக்ஞையும் அதே அளவுக்கு இன்றியமையாதது என்று காட்டினார்.

டி.என்.எஃப். கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு, அதைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. மூட்டுவாத நோய்க்கும் குடல் அழற்சிக்கும் டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இல் ஓர் அறிக்கை வெளியானது. அவர்களில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியேயும் இருந்தது. எலி ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னது மனிதரில் நடந்தேவிட்டது. இன்று அந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன் எல்லோருக்கும் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

எலி இவ்வளவு சொல்லுமென்றால் குரங்கு எதற்கு? நியாயமான கேள்விதான். எலி எந்தச் சமிக்ஞை தேவை என்று சொல்லும். நோய் எப்படி அடங்குகிறது என்று சொல்லாது. ஏனென்றால் எலியிடம் அது அடங்குவதே இல்லை. வழக்கமான ஆய்வக எலிகளின் நுரையீரலில் கிருமிகள் பத்து லட்சம் வரை பெருகி அப்படியே நிற்கும், எலியும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்துக் கடைசியில் சாகும். மனித நுரையீரலில் காணும், நடுவில் பாலாடைக்கட்டிபோல இளகிச் செத்த திசுவுடன் கூடிய முடிச்சுகளும் அந்த எலிகளில் உருவாவதில்லை.

குரங்குகளை வைத்தும் காசநோய் ஆய்வு முன்பே நடந்திருக்கிறது. ஆனால் அதிகமான கிருமிகளைக் கொடுத்ததால் குரங்குகள் வேகமாக இறந்தன. மனிதரின் மெதுவான நோய் அங்கே தெரியவில்லை. 1996-இல் பிலிப்பைன்ஸின் நீண்டவால் மக்காக் குரங்குகளுக்குக் குறைந்த அளவில் கிருமி கொடுத்தால் நோய் மனிதரைப் போலவே போகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. ஃப்ளின் குழு அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. நுரையீரலுக்குள் குழாய் விட்டு ஏறத்தாழ 25 கிருமிகளை மட்டும் வைத்தார்கள். 2003-இல் வந்த முடிவில், எல்லாக் குரங்குகளுக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. ஆனால் ஒரு பகுதிக்கு நோய் முற்றியது. ஏறக்குறைய அதே அளவு குரங்குகள் எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக்கணக்கில் நடமாடின. மனிதரிடம் இருக்கும் உறங்குநிலைக் காசநோய் முதல்முறையாக ஒரு விலங்கில் அப்படியே கிடைத்தது.

அப்புறம் வந்தது படம்பிடிக்கும் தொழில்நுட்பம். புற்றுநோயாளிகளுக்கு எடுக்கும் பெட்-சி.டி. ஸ்கேனைக் குரங்குகளுக்கும் எடுத்தார்கள். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தினால், செல்கள் மும்முரமாக வேலை செய்யும் இடங்கள் படத்தில் ஒளிரும். இதனால் ஒரே குரங்கின் ஒவ்வொரு முடிச்சும் எந்த வாரம் தோன்றியது, எப்போது வளர்ந்தது, எப்போது சுருங்கியது என்று தொடர்ந்து பார்க்க முடிந்தது. ஹார்வர்டின் சாரா ஃபார்ச்சூன் குழுவோடு சேர்ந்து இன்னொரு உத்தியும் செய்தார்கள். ஒவ்வொரு கிருமியின் மரபணுவிலும் ஓர் அடையாளக் குறி. கடையில் பொருள்கள்மீது ஒட்டும் பார்கோடு மாதிரி. முடிச்சைத் திறந்து குறியைப் படித்தால் எந்தக் கிருமியின் வாரிசுகள் அவை என்று தெரிந்துவிடும். பெரும்பாலான முடிச்சுகள் ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கியவை என்று இந்தக் குறிகள் காட்டிக்கொடுத்தன.

இந்த முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர். நடுவில் செத்த திசு. அதைச் சுற்றி, கிருமியை விழுங்கிய மேக்ரோபேஜ் செல்கள். வெளி வட்டத்தில் டி செல்களும், வெள்ளணுக்களில் இன்னொரு வகையான பி செல்களும். பழைய பாடநூல்கள் இதைக் கோட்டைச் சுவர் என்று வர்ணிக்கும். ஆனால் அந்தச் சுவரின் அமைப்பே ஒரு சிக்கல். கிருமிகள் பெரும்பாலும் உட்பக்கம். டி செல்கள் பெரும்பாலும் வெளிப்பக்கம். முதல் சில வாரங்களில் ஒரு கிருமி பல்லாயிரமாகப் பெருகிவிடுகிறது. டி செல்கள் வந்து சேர்வதற்கே அவ்வளவு நாளாகிறது. அவை வந்த பிறகு, மூன்றாம் மாதத்தை ஒட்டி எண்ணிக்கை இறங்கத் தொடங்குகிறது. சில முடிச்சுகளில் பூஜ்யம் வரை இறங்குகிறது.

வந்த டி செல்களும் எல்லாமே வேலை செய்வதாகத் தெரியவில்லை. முடிச்சைப் பிரித்து எண்ணியபோது, சமிக்ஞைப் புரதம் எதையாவது சுரக்கும் டி செல்கள் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கிருமியை முழுதாக அழித்த முடிச்சுகளில் அழற்சியை ஏற்றும் சமிக்ஞையும் இறக்கும் சமிக்ஞையும் சேர்ந்தே காணப்பட்டன. அடுப்பை எரியவிடவும் வேண்டும், பால் பொங்காமல் பார்க்கவும் வேண்டும். இன்டர்ஃபெரான் காமா எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று தடுப்பூசி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நம்பியதை இந்தக் கண்டுபிடிப்பு கொஞ்சம் ஆட்டிவிட்டது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். 2013-இல் தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட எம்.வி.ஏ.85ஏ என்ற தடுப்பூசி ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் சமிக்ஞையை எழுப்பத்தான் செய்தது. நோயைத் தடுக்கவில்லை.

2018-இல் வெளியான இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே காசநோய்த் தொற்று உள்ள குரங்குகளுக்கு, வேறு பார்கோடு உள்ள கிருமிகளை மறுபடி கொடுத்தார்கள். இரண்டாம் முறை வந்த கிருமிகள் அமைத்த முடிச்சுகள் மிகச் சில. அவற்றில் இருந்த கிருமிகளும் முதல் தொற்றில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. அதாவது காசநோய்க்கு எதிராக வலுவான எதிர்ப்பாற்றல் சாத்தியம்தான். ஆனால் கிருமி இறங்கும் நாளிலேயே நுரையீரலில் ஆள் தயாராக இருக்க வேண்டும்.

சரி, எச்.ஐ.வி. எங்கே?

மக்காக் குரங்குகளுக்கு எச்.ஐ.வி. தொற்றாது. அதன் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி. தொற்றும். இதன் வரலாறே ஒரு விபத்து. அமெரிக்கக் குரங்கு ஆய்வு மையங்களில் அடைத்து வைத்திருந்த ஆசிய மக்காக்குகள் எய்ட்ஸ் போன்ற நோயால் இறந்துகொண்டிருந்தன. 1985-இல் நியூ இங்கிலாந்து மையத்தில் அவற்றிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். மூலம் தேடிப்போனால், மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே என்ற குரங்கில் போய் நின்றது. மக்காக்கும் மாங்கபேயும் காட்டில் சந்திக்கவே வழியில்லை. மனிதர் கட்டிய கூண்டுகள்தான் இரண்டையும் சேர்த்துவைத்தன.

இதில் வியப்பு என்னவென்றால், மாங்கபேக்கு அந்த வைரஸால் எய்ட்ஸ் வருவதில்லை. ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருக்கும். குரங்கு தன் பாட்டுக்கு வாழும். தொற்றிய சில வாரங்களில் அதன் எதிர்ப்பாற்றல் அமைப்பு கொதிப்பு அடங்கி அமைதியாகிவிடுகிறது. மக்காக்கிடமும் மனிதரிடமும் அந்தக் கொதிப்பு அடங்குவதே இல்லை. ஆண்டுக்கணக்கில் எரிந்து, செல்களைத் தேய்த்துவிடுகிறது. ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் என்பதை மட்டும் பார்த்து நோயைக் கணிக்க முடியாது என்பதற்கு மாங்கபேயைவிட நல்ல சாட்சி கிடையாது.

உறங்குநிலைக் காசநோய் உள்ள மக்காக்குகளுக்கு எஸ்.ஐ.வி. கொடுத்த ஃப்ளின் குழுவின் சோதனை 2010-இல் வெளியானது. கொடுத்த குரங்குகள் எல்லாவற்றிலும் காசநோய் மீண்டும் எழுந்தது. ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. சிலவற்றில் மூன்று நான்கு மாதத்துக்குள், மற்றவற்றில் அதற்கு வெகு நாள் கழித்து. எந்தக் குரங்கு முதலில் விழும் என்பதை ரத்தத்தில் இருந்த வைரஸின் அளவு சொல்லவில்லை. தொற்றின் தொடக்க வாரங்களில் டி செல்கள் எவ்வளவு ஆழமாகச் சரிந்தன என்பதுதான் சொன்னது. முதல் அடியில் எவ்வளவு சேதம் என்பதே கணக்கு. பிற்பாடு எண்ணிக்கை ஏறுவது அதை ஈடுகட்டவில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் முதல் ஆண்டு இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

அப்படியானால் எல்லாமே சி.டி.4 விவகாரம்தானா? இதைப் பிரித்துப் பார்க்க வைரஸே இல்லாமல், சி.டி.4 செல்களை மட்டும் அழிக்கும் எதிர்ப்புரதத்தை உறங்குநிலைக் குரங்குகளுக்குக் கொடுத்தார்கள். எல்லாக் குரங்குகளிலும் ரத்தத்தில் சி.டி.4 செல்கள் துடைத்தெடுத்ததுபோல் காணாமல்போயின. நோய் மீண்டது ஏறத்தாழ பாதிக் குரங்குகளில்தான். மீண்டவற்றுக்கும் மீளாதவற்றுக்கும் ரத்தத்தில் வேறுபாடு இல்லை. திசுக்களில், அதாவது நிணநீர்க் கணுக்களில் எவ்வளவு செல்கள் மிஞ்சியிருந்தன என்பதில்தான் இருந்தது. 2012-இல் வந்த இந்த முடிவு, ரத்தப் பரிசோதனைத் தாளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை நேராகவே எழுப்பிவிட்டது.

லூசியானாவின் டுலேன் மையத்தில் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் இதே திசையில் இன்னும் ஒரு படி போனது. எஸ்.ஐ.வி. தொற்றி, நுரையீரலிலேயே சி.டி.4 செல்கள் சரிந்த பிறகும் சில குரங்குகளில் காசநோய் மீளவில்லை. அந்தக் குரங்குகளில் சி.டி.8 என்ற இன்னொரு வகை டி செல்களும், நுரையீரலுக்குள்ளேயே பி செல்கள் கூடி அமைத்த சிறு நிணநீர்த் திசுக்களும் கிருமியைப் பிடித்து வைத்திருப்பதாகத் தெரிந்தது. காவலில் சி.டி.4 மட்டும் இல்லை. தேய்ந்துபோவதிலும் சி.டி.4 மட்டும் இல்லை: ஓயாத கொதிப்பு மற்ற செல்களையும் களைப்படைய வைக்கிறது.

வைரஸைக் கூட்டு மருந்தால் அடக்கினால்? 2020-இல் வந்த ஒரு குரங்கு ஆய்வின் பதில் அவ்வளவு இனிப்பாக இல்லை. தொற்று ஏற்பட்டுச் சில வாரங்கள் கழித்து மருந்து தொடங்கியபோது வைரஸ் அடங்கியது, ரத்தத்தில் சி.டி.4 செல்கள் ஏறின. காசநோய் மீள்வதோ குறையவில்லை. நுரையீரலில் வேலை செய்ய வேண்டிய செல்கள் முழுமையாகத் திரும்பவில்லை. பின்னர் வந்த ஆய்வில், தொற்றிய இரண்டு வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கியபோது நிலைமை நன்றாக இருந்தது. மனிதரிடம் மருந்து காசநோயைக் கணிசமாகக் குறைக்கிறது என்று மேலே சொன்னேன், அதை மறந்துவிட வேண்டாம். குரங்குச் சோதனை சில மாதங்களுக்கானது, மனிதர் ஆண்டுக்கணக்கில் மருந்து எடுக்கிறார்கள். ஆனாலும் மருந்து எடுத்தவர்களிடம் ஏன் ஆபத்து பூஜ்யமாகவில்லை என்பதற்கு ஒரு விடை இங்கே தென்படுகிறது. கதவு உடைந்த இடம் நுரையீரல். நாம் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பது ரத்தத்தில்.

நுரையீரலில்தான் ஆள் வேண்டும் என்றால், ஆளை அங்கே எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

பி.சி.ஜி. நூறு வயதைக் கடந்த காசநோய்த் தடுப்பூசி. பிரான்ஸில் கால்மெட்டும் குவெரினும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயில் அதன் பலன் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனையில் அந்தப் பலன் ஏறக்குறைய ஒன்றுமேயில்லை என்று வந்தது. தோலில் போடும் ஊசி நுரையீரலுக்குப் போதிய செல்களை அனுப்பவில்லையோ என்ற சந்தேகம் அதன்பின் பலருக்கும் உண்டு.

அதைச் சோதிக்க, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த ராபர்ட் சீடர், மாரியோ ரோடரர் குழுவும் ஃப்ளின் குழுவும் சேர்ந்தன. ரீசஸ் குரங்குகளைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கம்போலத் தோலில் பி.சி.ஜி.; ஒரு பிரிவுக்குத் தோலிலேயே நூறு மடங்கு அளவு; ஒரு பிரிவுக்கு மூச்சு வழியே தூவல்; ஒரு பிரிவுக்கு அதே நூறு மடங்கு அளவை நேராக ரத்தக் குழாயில். ஆறு மாதம் கழித்துக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தார்கள். ரத்தக் குழாயில் ஊசி போட்ட பத்துக் குரங்குகளில் ஒன்பது காப்பாற்றப்பட்டன. ஆறு குரங்குகளில் தொற்றின் தடயமே இல்லை. தோலில் நூறு மடங்கு போட்டவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அளவைவிட வழிதான் முக்கியமாக இருந்தது. ரத்தக் குழாய் வழியே போன பி.சி.ஜி. நுரையீரல் திசுவையும் காற்றறைகளையும் டி செல்களால் நிரப்பியிருந்தது. 2020 ஜனவரியில் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. காசநோய்த் தடுப்பூசி வரலாற்றில் குரங்குகளிடம் இவ்வளவு தெளிவான பலன் அரிது.

இப்போது இதை எஸ்.ஐ.வி.யோடு சேர்த்துப் பாருங்கள். பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. எதிர்ப்பாற்றல் குலைந்த உடலில் அதுவே பரவி நோயாகலாம். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தைகளுக்கு அதைப் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னதும் இதனால்தான். அப்படியிருக்க, எஸ்.ஐ.வி. தொற்றுள்ள குரங்குக்கு அதை ரத்தக் குழாயிலேயே செலுத்துவது என்றால் துணிச்சல் வேண்டும். சார்ல்ஸ் ஸ்கேங்கா, ஃப்ளின் உள்ளிட்டோர் ஒரு பாதுகாப்பு வைத்துக்கொண்டார்கள். பி.சி.ஜி. போட்ட மூன்று வாரத்தில் காசநோய் மாத்திரைகளைத் தொடங்கி இரண்டு மாதம் கொடுத்தார்கள். தடுப்பூசி தன் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், தங்கக் கூடாது.

இதற்குப் பயன்படுத்தியவை மொரீஷியஸ் தீவின் நீண்டவால் மக்காக்குகள். சில நூற்றாண்டுகளுக்கு முன் கப்பலில் வந்து இறங்கிய கொஞ்சம் குரங்குகளின் வாரிசுகள் என்பதால் அவற்றின் மரபணு வேறுபாடு குறைவு. ஒரு குரங்கின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடும்போது குழப்பமும் குறைகிறது. தடுப்பூசி இல்லாமல் எஸ்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தால் இந்தக் குரங்குகளின் கதி என்ன என்று அதே குழு முன்பே பார்த்திருந்தது. முதல் நான்கு வாரம் முடிச்சுகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருக்காது. அடுத்த நான்கு வாரத்தில் எஸ்.ஐ.வி. உள்ள குரங்குகளில் புதிய முடிச்சுகள் மளமளவென்று முளைத்து நோய் கட்டுமீறிப் போகும். மற்ற குரங்குகளில் டி செல்கள் வந்து கட்டுப்படுத்தும் அதே நேரம் அது.

2023-இல் முடிவு வெளியானது. பி.சி.ஜி. போட்ட எஸ்.ஐ.வி. குரங்குகள் 12-இல் ஒன்பதில், திசுக்களிலிருந்து ஒரு காசநோய்க் கிருமியைக்கூட வளர்த்தெடுக்க முடியவில்லை. எஸ்.ஐ.வி. இல்லாமல் தடுப்பூசி போட்டவை எல்லாமே தப்பின. எஸ்.ஐ.வி. குரங்குகளுக்குக் கூட்டு மருந்து எதுவும் தரவில்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஒன்பதின் எடை தெரியும்.

என் பங்குக்கு இரண்டு தயக்கங்கள். பன்னிரண்டு என்பது சின்ன எண். அந்த மூன்று ஏன் தோற்றன என்பது ஒன்பது ஏன் வென்றன என்பதைவிடச் சுவாரசியமான கேள்வி. அப்புறம், குரங்குகள். ஒவ்வொன்றின் நுரையீரலிலும் பல முடிச்சுகள், ஒவ்வொரு முடிச்சும் தனித் தரவு. அதனால் குறைவான விலங்குகளிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது உண்மைதான். ஆனாலும் மேலே நான் எளிதாக எழுதிச் சென்ற ஒவ்வொரு ‘முடிச்சைத் திறந்து பார்த்தால்’ என்பதற்கும் பின்னால் ஓர் உயிர் போயிருக்கிறது. எம்.72 என்ற தடுப்பூசி ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களிடம் மூன்றாண்டில் ஏறத்தாழ 50 சதவீதப் பாதுகாப்பு தந்திருக்கிறது. அதன் மூன்றாம் கட்டச் சோதனை 2024-இல் தொடங்கியது. அது பலித்துவிட்டால் குரங்குச் சோதனைகளின் தேவை எவ்வளவு குறையும் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

ரத்தக் குழாயில் பி.சி.ஜி. செலுத்துவதை ஊர் ஊராகக் குழந்தைகளுக்கு நடைமுறைப்படுத்த முடியாது. அதில் ஆபத்தும் உண்டு, பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும். ஃப்ளின் குழுவுக்கு அது ஒரு கருவி: காப்பாற்றுவது எது என்று தெரிந்துவிட்டால் அதையே வேறு வழியில் வரவழைக்கப் பார்க்கலாம். 2025-இல் வெளியான சோதனையில், பி.சி.ஜி. போட்ட குரங்குகளிடமிருந்து ஒவ்வொரு வகைச் செல்லாக அகற்றிப் பார்த்தார்கள். சி.டி.4 செல்களை எடுத்தால் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விட்டது. சி.டி.8 ஆல்ஃபா என்ற குறி தாங்கிய எல்லாச் செல்களையும் எடுத்தாலும் போனது. அவற்றில் வழக்கமான சி.டி.8 டி செல்களை மட்டும் எடுத்தபோது அவ்வளவாகப் போகவில்லை. ஆகவே அதே குறியைத் தாங்கிய வேறு யாரோ, இயற்கைக் கொல்லி செல்கள் என்ற வேறொரு வகை வெள்ளணுக்களாக இருக்கலாம், அங்கே வேலை செய்கிறார்கள். எச்.ஐ.வி. நேராகக் குறிவைக்காத செல்கள் அவை.